மூத்தார் முன் சொல்லாத சாட்சி

எனக்கு எண்பத்தேழு வயது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்தேன். உதவி என்று எவர் வாசலிலும் நின்றதில்லை.

வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போன புதிதில், உழவர்கரையில் வரப்புத் தகராறில் என் தம்பியைக் குத்திக் கொன்றான் ஒருவன். பார்த்தவள் ஒருத்திதான். குத்தியவன் அவள் புருஷனின் அண்ணன். வழக்குக்கு முன்னால் விசாரித்த நீதிபதியிடம், “மூத்தார் எதிர்ல நின்னு எப்படிங்க பேசுவேன்? அவர வெளிய அனுப்புங்க,” என்றாள். அனுப்பிவிட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். வழக்கு நடக்கும் முன்பே அவள் காலராவில் செத்துப்போனாள்.

எழுதியதைக் கோர்ட்டில் படிக்கப் போனார்கள். குத்தியவனின் வக்கீல் எழுந்தார். “அந்தம்மாவ ஒரு கேள்வி கேக்க எங்கள விட்டீங்களா? செத்தவங்கள இனிமே யாரு கேக்கறது?”

படிக்கக் கூடாது என்று வழக்கைக் கேட்ட நீதிபதி சொல்லிவிட்டார். வேறு சாட்சி இல்லை. அவன் கழுத்தில் மாலையோடு வீடு போனான்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதிய இதை, நான் உயிரோடு இருக்கும்போதே எனக்குப் படித்துக் காட்டு. சந்தேகம் இருந்தால் இப்போதே கேள்.