முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்

நான் அதிகம் படித்தவன் இல்லை. மங்கரே என்ற ஊரில் சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. முதுகு வலி வந்துவிட்டது. வீட்டுக் கடன் ஆலோசனை ஆபீஸ் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், "லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணுங்க, வேலை தர்றேன்" என்றார்.

கம்ப்யூட்டரில் பரீட்சை. முதல் கேள்வியே வட்டிக் கணக்கு. விடை வரவில்லை. முதல் கேள்வியை விட்டால் பிள்ளையார் சுழி போடாமல் ஆரம்பித்த மாதிரி, சகுனம் சரியில்லை என்று அதையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தால் பாதி நேரம் போயிருந்தது. அதை விட்டுவிட்டு, தெரிந்ததை எல்லாம் வேகமாகப் போட்டேன். கடைசிக் கேள்வியோடு நேரம் முடிந்தது. முதல் கேள்வி காலியாகவே கிடந்தது. இருந்தும் பாஸ்.

மனைவியிடம் சொன்னேன்.

"கடையில புளி இல்லன்னா மத்த சாமான் வாங்காம அங்கேயே நிப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப பரீட்சையில மட்டும் ஏன் நின்னீங்க?"

நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அந்த ஆபீசில்தான் வேலை. அவ்வப்போது பரீட்சை வைக்கிறார்கள். முதலில் எல்லாக் கேள்வியையும் கடைசிவரை பார்த்துவிடுகிறேன். தெரிந்ததைப் போட்ட பிறகுதான் கஷ்டமானதைத் தொடுகிறேன். பிள்ளையார் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.