எஸ்தர் மேடமும் இருபத்தாறு டிகிரியும்

எஸ்தர் மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் குளிரூட்டிக் கம்பெனிக்காரர் ஒருவருடன் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த கணக்கு தப்பு. ஒப்புக்கொள்ள அவருக்கு மனசில்லை. நடுவில் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. அனுப்பியவர் ரமணா, நாங்கள் சேர்ந்து வேலை செய்த அரசு சர்வர் கூடத்தின் பொறுப்பாளர். "மேடம் இல்லை. தூக்கத்திலேயே." போனை வைத்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது எரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை லோத்குண்டாவில் தன் வீட்டுக்கு வரச்சொல்லி மிரட்டியிருந்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

இந்தச் சங்க மலரைப் படிக்கிற செகந்திராபாத் தமிழர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். சர்ச்சில் பாட்டுக் குழுவை அதட்டி நடத்தியவர், சங்கக் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தவர், ஆட்டோக்காரர்களோடு உருதுவில் மல்லுக்கு நின்றவர். ஆபீசில் அவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கவர்மெண்ட்ல கரண்ட் சம்பந்தமா ஏதோ பெரிய வேலை பார்த்தாங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த 'ஏதோ' என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெருமையடிப்பது போலத் தெரிந்தால், ஆமாம், பெருமைதான்.

நீங்கள் போனில் அனுப்புகிற படம், மாதாமாதம் வருகிற பென்ஷன் விவரம், நிலப் பத்திரம், எல்லாம் எங்கோ ஒரு கூடத்தில் வரிசையாக அடுக்கிய கணிப்பொறிகளில் இருக்கிறது. அவை இராப்பகலாக ஓடும், ஓடினால் சூடாகும். சூட்டை வெளியேற்ற ஏ.சி. ஓட வேண்டும். அந்த ஏ.சி. தின்கிற மின்சாரம் சாதாரணமில்லை. நம் ஊரைச் சுற்றி இப்படிப்பட்ட கூடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அவை எப்படிக் குளிர வேண்டும், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று விதி எழுத அரசில் ஒரு சிறு குழுவைப் போட்டார்கள். தலைமை எஸ்தர் மேடம். தொழில்நுட்ப ஆலோசனைக்கு வெளியிலிருந்து வந்தவன் நான்.

முதல் கூட்டத்துக்கு நானே ஒரு விதியை எழுதிக்கொண்டு போனேன். கூடம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, கணிப்பொறிகள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். ஏ.சி. தின்னத் தின்ன அந்த எண் ஏறும்; அது ஓர் அளவைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான். அரை மணியில் கையெழுத்தாகும் என்று நினைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"கோயம்புத்தூருங்க மேடம்."

"சரி. இப்போ நீதான் திருடன். இந்த விதியை ஏமாத்து, பாக்கலாம்."

"எதுக்குங்க? விதி சரியாத்தானே இருக்குது."

"கைக்குன்னு கேள்வி நக்கோ. டீ வர்றதுக்குள்ள ஏமாத்து."

ரயில்வே ஒர்க்‌ஷாப் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் மேடம். வீட்டில் வேலூர்த் தமிழ், தெருவில் தக்கணி உருது. இரண்டும் ஒரே மூச்சில் வரும். 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்ததோ இல்லையோ, டீ வருவதற்குள் ஏமாற்றிவிட்டேன். ஜனவரி விடியற்காலையில், ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும் குளிரில் அளந்து கணக்குக் காட்டுவேன் என்றேன். "ஹவ்! அப்போ வருஷம் முழுக்க அளக்கணும்னு எழுது" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் இதே விளையாட்டு. குழுவில் மற்றவர்களும் திருடனாக இருந்து பார்த்தார்கள். எல்லோரும் ரொம்ப நல்லவர்கள், வேலைக்கு ஆகவில்லை. நிரந்தரத் திருடன் நான்தான் என்று ஆயிற்று. ஒரு வாரம் சொன்னேன்: "கரண்டைக் குறைச்சுக் காட்டத் தண்ணியை ஆவியாக்கிக் குளிர்விப்பேனுங்க. தண்ணி டேங்கர்ல வரும். உங்க விதி தண்ணியைப் பத்தி வாயே திறக்கலையே." மேடம் அன்றைக்கு டீயைத் தொடவில்லை.

"கோடையில எங்க தெருவுக்கு வர்ற லாரியை நீ திருப்பிக்கிட்டுப் போயிடுவே?"

"திருடன் தானுங்களே மேடம்."

"எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போடுறான் பாரு. போட்டுட்டு வயித்துல கத்தியச் சொருகுறான்."

தண்ணீருக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்கிற பிரிவு அப்படித்தான் வந்தது. பல விதிகளைப் படித்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் தங்களை நல்லவர்களாக நினைத்துக்கொண்டு எழுதியவை அவை. பாதி ஓட்டை. "விதியை நல்லவனுக்கு எழுதாதே, அவன் விதி இல்லாமலே ஒழுங்கா இருப்பான்" என்பார் மேடம்.

பிறகு ஒரு நாள், கம்பெனிக்காரர்களை அழைத்துக் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "இன்னிக்கு நான் எதையும் ஏமாத்த மாட்டேனுங்க. கம்பெனிக்காரனா எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேப்பேன். எங்களுக்கு விதி போடுறீங்களே, உங்க கவர்மெண்ட் கூடம் எத்தனை டிகிரியில ஓடுது?" என்றேன். எங்கள் வரைவில் அரசுக் கூடங்களுக்கு விலக்கு இருந்தது. யாரோ வழக்கமாகச் சேர்த்த வரி. யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"எத்தனை?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. "வண்டியை எடுக்கச் சொல்லு" என்றார்.

எந்தத் துறையின் கூடம் என்று சொல்ல மாட்டேன். வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே வேலை செய்தவர்கள் ஸ்வெட்டரில் இருந்தார்கள். ஒருவர் காதோடு சேர்த்து மஃப்ளர் கட்டியிருந்தார். பத்தொன்பது டிகிரி. இந்தக் கணிப்பொறிகளுக்கு இருபத்தேழு வரைக்கும் பிரச்சினை இல்லை என்று அவற்றைச் செய்த கம்பெனிகளே எழுதித் தருகின்றன. ஏன் இவ்வளவு குளிர் என்று மேடம் தெலுங்கில் கேட்டார். கூடத்தின் பொறுப்பாளர் ரமணா ஒளிக்காமல் சொன்னார்: பெரிய சார்கள் பார்வையிட வருவார்கள், கதவைத் திறந்ததும் சில்லென்று அடித்தால்தான் கூடம் நன்றாக நடக்கிறது என்பார்கள், இல்லாவிட்டால் ஏ.சி. ஓடவில்லையா என்று கேட்பார்கள்.

நம் ஆபீஸ்களில் ஏ.சி. என்பது மரியாதை. பதவி உயர உயர அறை குளிரும். அந்த மரியாதையைப் போய் இயந்திரத்துக்கும் செய்துகொண்டிருந்தோம். படித்த நாலு வருஷத்தில் எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அன்று மாலையே மேடம் முடிவு செய்துவிட்டார். முதலில் இந்தக் கூடத்தை இருபத்தாறுக்கு ஏற்றுவது; கோடை முழுக்க ஓட்டிக் காட்டுவது; அதன்பிறகுதான் மற்றவர்களுக்கு விதி. சொல்வது சுலபம். அந்தக் கூடத்தில் இருப்பது பென்ஷனும் ரேஷனும். ஒரு மதியம் நின்றுபோனால் மாநிலம் முழுக்கக் கத்தும். விசாரணை வரும். ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருந்த மேடத்தின் தலைதான் உருளும். விதியும் அதோடு செத்துவிடும்; கம்பெனிக்காரர்கள் அதைச் சொல்லியே காலத்துக்கும் தப்பித்துக்கொள்வார்கள். மேலதிகாரி, "செய்யுங்கள், ஆனால் எழுத்தில் வேண்டாம்" என்றாராம். "வாய்வார்த்தை நக்கோ சார். நானே எழுதிக் கையெழுத்துப் போடுறேன்" என்று மேடம் வந்துவிட்டார். எங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வெறுமனே பட்டனை அழுத்தி ஏற்றுகிற விஷயமில்லை இது. கணிப்பொறிகள் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாகத் துப்பும். அலமாரியில் காலி இடம் இருந்தால் பின்னாலிருக்கும் சூடு அந்தச் சந்து வழியாக முன்னால் வந்துவிடும். அதனால் முதலில் ஒவ்வொரு காலி இடத்தையும் அடைத்தோம். தகடு வரும்வரை அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டினோம். மேடமும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். பிறகு வாரம் ஒரு டிகிரியாக ஏற்றினோம். ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாக ஆணிக்குப் போயின.

மே மாதத்தில் ஒரு மதியம், வெளியே தார் இளகிக்கொண்டிருந்தபோது, ஒரு வரிசையில் அலாரம் அடித்தது. சூடு ஏறுகிறது. ரமணா ஓடிப்போய்க் கட்டுப்பாட்டுப் பலகையில் கை வைத்தார். நானும் மேடமும் உள்ளேதான் இருந்தோம். மேடத்தின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். எதற்கும் அஞ்சாதவர் என்று அவரைப் பற்றி மேடையில் பேசினார்கள், தப்பு. அன்றைக்குப் பயந்தார். பக்கத்தில் கவிழ்த்திருந்த கேபிள் உருளையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுடா. குறைக்கவா?"

"வேண்டாமுங்க. ஒரு வரிசை மட்டும் ஏறுது, கூடம் ஏறலை. எங்கியோ அடைப்பு விட்டிருக்கு."

"நிச்சயமா?"

"பாத்துட்டுச் சொல்றேனுங்க."

"சீக்கிரம் பாரு. உன் வாயை நம்பித்தான் உக்காந்திருக்கேன்."

ரமணாவைப் பார்த்துக் கையை எடுக்கச் சொன்னார். ரமணா எடுத்தார், ஆனால் பலகையைவிட்டு நகரவில்லை. நான் வரிசையின் பின்னால் புகுந்தேன். காலையில் பழுதான ஒரு கணிப்பொறியைக் கழற்றிக்கொண்டு போன ஆட்கள் அந்த இடத்தைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். சூடான காற்று முகத்தில் அடித்தது. தகட்டைச் சொருகினேன். எண்கள் உடனே இறங்கவில்லை. நின்றன. பிறகு இறங்கின. மேடம் எழுந்து வந்து, திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்றே ஓர் உத்தரவு போட்டார்: கழற்றுகிற கையே அடைக்க வேண்டும், அடைத்த பிறகுதான் வெளியே போகலாம்.

அடுத்த சோதனை துறைச் செயலாளர் ரூபத்தில் வந்தது. அவர் வருகிறார் என்றதும் ரமணா பழைய பழக்கத்தில் காலையிலேயே இருபதுக்கு இறக்கிவிட்டார். மேடம் திரையைப் பார்த்தார். "ரமணா காரு, வர்றது உங்க மாப்பிள்ளையா?" திரும்ப ஏற்றவைத்தார். செயலாளர் உள்ளே வந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தெலுங்கில் அதே கேள்வியைக் கேட்டார்: ஏ.சி. வேலை செய்யவில்லையா?

"செய்யுது சார். உங்களுக்காக இல்லை, மிஷினுக்காக."

செயலாளர் அலமாரிகளை ஒரு சுற்று சுற்றி வந்தார். இந்தக் கோடையில் ஏதாவது நின்றதா என்றார். எதுவும் நிற்கவில்லை என்றார் மேடம். "அப்படியானால் இத்தனை வருஷமாக எதற்குக் குளிரில் வைத்திருந்தோம்?" என்று கேட்டார். "யாரும் கேக்கலை சார்" என்றார் மேடம். மனிதர் சிரித்துவிட்டார்.

மழை தொடங்கிய பிறகு கம்பெனிக்காரர்களுடனான கூட்டம் நடந்தது. நான் ஒத்திகையில் கேட்ட கேள்வியை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து கேட்டார். "இருபத்தாறு. கோடை முழுக்க. நாளைக்கே வந்து பாருங்க" என்றார் மேடம். அவர் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

ஆனால் உண்மையான சண்டை அதற்கப்புறம்தான். கோப்பு கையெழுத்துக்குப் போகிற வாரம், அரசுக் கூடங்களுக்கு விலக்கு என்ற பழைய வரி திரும்ப உள்ளே வந்திருந்தது. யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு கூடம்தான் தயார், மற்றவை தயாரில்லை, இப்போதைக்கு இருக்கட்டும், உங்கள் விதி வந்துவிடுகிறதே என்று சமாதானம் சொன்னார்கள். நான்கூட விட்டுவிடலாம் என்றேன். வேலை முடிந்தால் சரி என்கிற ஆள் நான்.

"அந்த வரி இருந்தா என் பேரை எடுத்துடுங்க. நம்ம வீட்டுக்கு வேண்டாம்னு சொல்ற மருந்தை அடுத்தவன் வாயில ஊத்த என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு, கோப்பைத் திருப்பி அனுப்பினார். அதே வரியோடு மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினார். மூன்றாவது முறை அது அந்த வரி இல்லாமல் வந்தது. அதற்குப் பதிலாக முதல் பிரிவிலேயே அவர் எழுதிய வாக்கியம் நின்றது: இந்த விதி முதலில் அரசின் கூடங்களுக்குப் பொருந்தும். கம்பெனிகளின் கூடங்களுக்குக் காலக்கெடு, அதற்குப் பிறகு.

கல்லறைத் தோட்டத்தில் ரமணா எனக்குப் பக்கத்தில் நின்றார். துறையிலிருந்து அதிகம் பேர் வரவில்லை. மற்ற அரசுக் கூடங்களையும் இப்போது தன்னைத்தான் கூப்பிட்டு ஏற்றச் சொல்கிறார்கள் என்று ரகசியம் போலச் சொன்னார். குரலில் பெருமை. எனக்கும் அதே பெருமைதான், என்னால் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முதல் பிரிவைத்தான். போன வாரம் ஒரு பெரிய நிறுவனத்தில், தங்களிடம் இடம் வாடகைக்கு எடுப்பவர்களுக்குக் குளிரூட்டல் விதி எழுதித் தரக் கூப்பிட்டார்கள். நல்ல அறை, நல்ல காபி. "முதல்ல உங்க கூடத்தைத் திறந்து காட்டுங்க" என்றேன். நாங்கள் கேட்டது மற்றவர்களுக்கான விதி என்று விளக்கினார்கள். புரிந்தது என்றேன், எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒருவர் சாவி கேட்டு ஆளனுப்பினார்.