என் மகளைத் திரும்பவும் மைதானத்தில் நிறுத்திய அம்பாள்

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் மகள் ஆரணியின் வலது முழங்காலில் தசைநார் இரண்டாம் முறை அறுந்தது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். பந்தோடு மேலே எழும்பினவள் கீழே வந்து நின்ற மாதிரித்தான் இருந்தது. பிறகு விழுந்தாள். முதல் முறை விழுந்தபோது கத்தினவள். இந்த முறை கத்தவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பவே எனக்கு விளங்கிவிட்டது.

அம்பாளின் பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி ஓடி, சுவிசுக்கு வந்து, பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் இருந்துகொண்டு இருபது வருசத்துக்கு மேலாக ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆரணிக்குக் கூடைப்பந்துதான் தொழில். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் தொடங்கினவள். பத்தொன்பது வயதில் பிரெஞ்சுப் பக்கத்துக் கழகம் ஒன்று அவளைச் சம்பளத்துக்கு எடுத்தது. எட்டு வருசம் விளையாடினாள். எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது லேசில்லை. கலியாண வீடுகளில் கேட்பார்கள்.

"மூத்தவள் என்ன செய்யிறா?"

"பந்து விளையாடுறா அக்கா."

"அது சரி, வேலை என்ன?"

சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்கிற என்ர மனிசன் இதைக் கேட்டால் சிரிப்பார். "நான் கோப்பை கழுவுறதைப் பாக்க ஆரும் டிக்கெட் எடுத்தவையோ? அவளின்ர வேலையைப் பாக்கச் சனம் வரிசையில நிக்குது" என்பார். அந்தச் சிரிப்பும் அந்தச் சனிக்கிழமையோடு நின்றுபோனது.

ஒப்பிரேஷன் நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. அன்று என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. சும்மா கதிரையில் இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும். ஒரு மாடி கீழே நிலம் துடைத்துக்கொண்டே நேர்ந்தேன். "தாயே, என்ர பிள்ளையைத் திரும்ப மைதானத்தில நிப்பாட்டு. திரிம்பாக் கோயில்ல உன்ர தேருக்கு அவள் வந்து அடியழிப்பாள்."

அடியழிப்பது உங்களுக்குத் தெரியும். தேருக்குப் பின்னால் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் பட விழுந்து, எழும்பி ஓரடி வைத்து, திரும்ப விழுந்து வீதி சுற்றி வருவது. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தாய் நேருவாள், சுகமான பிறகு பிள்ளை செய்யும். எங்கட வழக்கம் அதுதானே. அந்த நேரம் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

டொக்டர் சொன்னார், நடக்கலாம், மெதுவாக ஓடலாம், ஆனால் இனித் தொழிலாக விளையாட ஏலாது என்று. கழகத்து ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. ஆரணி எங்கட வீட்டுக்கு வந்து, சின்ன வயதில் படுத்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். டெலிபோன் எடுக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பை வைத்தபடி திரும்பி வரும். "இருபத்தேழு வயசில நான் முடிஞ்சுபோனன் அம்மா" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

அவளைத் தேற்றுவம் என்று நேர்த்தியைச் சொன்னேன். என்னையே பார்த்தாள்.

"எந்தக் காலுக்கு அம்மா நேர்ந்தனீங்கள்?"

"வலது காலுக்குத்தான்."

"முழங்காலைத் தா எண்டு கேட்டுப்போட்டு, அதே முழங்காலாலயோ என்னை வீதி சுத்தச் சொல்லுறியள்?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, அது அழுகையாகப் போனது. பிள்ளையால் செய்ய ஏலாத ஒன்றை நேர்ந்துவிட்டேன். கேட்டதும் கிடைக்காது, சொன்னதும் செய்ய ஏலாது. அம்பாளின் முகத்தில் எப்படி முழிப்பது?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஐயரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஆர் நேர்ந்தது?"

"நான்தான் ஐயா."

"அப்ப நீங்கள் விழுந்து எழும்புங்கோவன். பிள்ளையின்ர தலையில ஏன் கட்டுறியள்?"

"கேட்டது இன்னும் கிடைக்கேல்லையே."

"நீ தந்தால்தான் நானும் தருவன் எண்டு பேரம் பேச, அம்பாள் என்ன கடையோ வைச்சிருக்கிறா?"

அந்த வருசத் தேருக்கு நானே அடியழித்தேன். எனக்கு ஐம்பத்து நாலு வயது. தார் வீதி கொதித்தது. நானே அடியழிக்கப்போகிறேன் என்று கேட்டதும் அறையை விட்டு வந்து, ஆரணிதான் காரில் கூட்டிக்கொண்டு வந்தவள். முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். முதல் வளைவு வரமுதலே எனக்கு ஏலாமல் போய்விட்டது. விழுந்த இடத்தில் கிடந்தேன். அவள் குனிந்தாள்.

"முதுகை வளைக்காதேங்கோ அம்மா. மூச்சை விட்டுட்டு எழும்புங்கோ. கையை ஊண்டாதேங்கோ, துடையால தள்ளுங்கோ. ஓம், அப்பிடித்தான். இன்னும் பத்து!"

எனக்குப் பின்னால் வந்த மனிசி கேட்டா, "பிள்ளை, எனக்கும் ஒருக்காச் சொல்லு, இடுப்பு விட்டுப்போச்சு."

"அவசரம் வேண்டாம் அன்ரி. அம்பாள் ஓடிப்போகமாட்டா. மூச்சு, பிறகு கால்."

அவள் வரிசை முழுக்க முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கினாள். மாதக்கணக்காகக் கேட்காத குரல். மைதானத்தில் கேட்ட அந்தக் குரல். தாரில் நெற்றியை வைத்தபடி நான் அழுதேன்.

பின்னால் வந்த மனிசிக்குத் தண்ணி கொண்டுவந்த அவவின்ர மகள் ஆரணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்கள் ஆரணி அக்காதானே?" அந்தப் பிள்ளை பேர்ணில் ஒரு கல்லூரியில் படிக்கிறவள், கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் விளையாடுகிறவள். "எங்களைப் பழக்கின ரெயினர் விட்டுட்டுப் போயிட்டார் அக்கா. நாங்கள் எப்பவும் கடைசி இடம்தான். நீங்கள் வருவியளோ?"

ஆரணி குனிந்து தன் முழங்கால் பட்டியைப் பார்த்தாள். நான் கிடந்த இடத்திலிருந்தே கத்தினேன். "ஓம் எண்டு சொல்லடி!"

சொன்னாள். முதலில் வாரத்தில் இரண்டு நாள் போனாள். பயிற்சியாளர் சோதினை எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணினாள். பிறகு கல்லூரி அவளை நிரந்தரமாக எடுத்தது. முதல் வருசம் தோற்றார்கள். இரண்டாம் வருசம் நடுவில் வந்தார்கள். இந்த வருசம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

நானும் மனிசனும் போனோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி "கெதியா! கெதியா!" என்று எங்கட தமிழில் விரைவுபடுத்திக் கத்துகிறார்கள். என் மகளிடம் பழகினது. ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அணியில் கெட்டிக்காரி ஒருத்தி முழங்காலைத் தடவுவதை ஆரணி கண்டாள். உடனே வெளியில் எடுத்தாள். அந்தப் பிள்ளை கோபத்தில் அழுதது. ஆரணி அவளின் பக்கத்தில் முழந்தாளிட்டு என்னவோ சொன்னாள். பிறகு கேட்டேன். "கிண்ணம் வாற வருசமும் வரும், முழங்கால் வராது எண்டு சொன்னன் அம்மா."

அந்தக் கெட்டிக்காரி இல்லாமலே வென்றார்கள். தோற்றிருந்தாலும் எனக்கு இதே பெருமைதான். ஆனால் வென்றார்கள்! என்ர மனிசன் கதிரையில் ஏறி நின்று கை தட்டினார்.

நான் நினைத்த மாதிரி அம்பாள் தரவில்லை. ஆனால் தந்தாள். பிள்ளைகளை நினைத்து அழுகிற தாய் தகப்பன்மாரே, நம்பிக் கேளுங்கோ. நேர்த்தியை உங்கட உடம்பில் வையுங்கோ, பிள்ளையின் உடம்பில் வையாதேங்கோ. கிடைக்க முன்னமே செய்யுங்கோ. வாற தேருக்குத் திரிம்பாக்குக்கு வாங்கோ. நான் வரிசையில் இருப்பேன். எங்களுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு, "மூச்சு, பிறகு கால்" என்று சத்தம் போடுகிற உயரமான பிள்ளை என்ர மகள்.