ஸைனம்புவின் நெல் கிட்டங்கி

காத்தான்குடியில் வாவிக்கரை ஒழுங்கையின் முடிவில் நிற்கிற பழைய நெல் கிட்டங்கி, ஸைனம்புவுக்கு உம்மா வழியில் சீதனமாக வந்தது. அந்த ஊரில் வீடு வாசல் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவருகிறவர். வருகிறவர் சும்மா வருவாரா? வீடு புதிதாக இருக்க வேண்டும், கொங்கிறீட் பிளேட் போட்ட மாடியாகவும் இருக்க வேண்டும். அதற்காகப் பெண்ணைப் பெற்றவர்கள் மலை மாதிரி நின்ற பழைய வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, வெயில் காலத்தில் மனிதர் அவிந்துபோகிற சீமெந்துப் பெட்டிகளைக் கட்டினார்கள். பாதியில் கை வறண்டதும் மேல்மாடிக் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்தன. இவர்களுக்கு மூளையும் பாதியில்தான் நிற்கிறது என்பாள் ஸைனம்பு.

வவுணதீவு வயல் வட்டைகளில் விளைந்த நெல்லைத் தோணியில் ஏற்றி வந்து குவித்த காலத்துக் கட்டடம் அது. முழ அகலச் சுண்ணாம்புச் சுவர், உயரமான ஓட்டுக் கூரை. அவள் அதை இடிக்கவில்லை. உள்ளே குறுக்குச் சுவர் எழுப்பி ஐந்து வீடாகப் பிரித்தாள். ஊரார் இடித்தெறிந்த வீடுகளின் முதிரை மரக் கதவுகளை விறகு விலைக்கு வாங்கி மாட்டினாள். இரண்டு பகுதி தறிக்காரப் பெண்களுக்கு, ஒன்று இடியப்பம் அவித்து விற்கிறவளுக்கு, ஒன்று புருசன் விட்டுப்போன பிள்ளைக்காரிக்கு. வாடகை அவரவர் வசதிக்கேற்ப. கடைசிப் பகுதி மகள் றுக்ஷானாவுக்குச் சீதனம்; இப்போதைக்குத் தாயும் மகளும் அதில்தான்.

ஸைனம்புவுக்குக் கிறுக்கு என்று ஊர் சிரித்தது. பிறகு கொழும்பிலிருந்து கனவான்கள் சிலர் வந்து, மரபு, சூழல், சமூகம் என்று முழங்கி, படம் பிடித்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சிரித்த முகமெல்லாம் அன்று படத்துக்குள் நிற்க முண்டியடித்தது. இரண்டு கூட்டத்தையும் அவள் ஒரே மாதிரித்தான் பார்த்தாள். இடது பக்கமாக உதட்டை வளைத்து ஒரு பார்வை. அது பட்டவர் இரண்டாம் தரம் அந்தப் பக்கம் தலை காட்டமாட்டார்.

அப்போதுதான் நஸீரின் சம்பந்தம் வந்தது. றுக்ஷானா வேலை பார்த்த அலுவலகத்திலேயே அவனுக்கும் வேலை. பிள்ளைக்கு அவன் என்றால் உயிர். ஆனால் வீடு பார்க்க வந்த அவனுடைய உம்மா ஸாதியா, சுவரை ஒற்றை விரலால் தொட்டு, அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தாள். கிட்டங்கியை இடித்து மாடி எழுப்பினால் பேசலாம், கண்ட சனத்தோடு ஒரே கேற் வாசலால் தன் மகன் போய்வர மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய வீட்டுப் பின்சுவர் பூச்சே காணாதது என்று ஊருக்கே தெரியும். துடைக்க வேண்டிய சுவர் அதுதான் என்று ஸைனம்பு முணுமுணுத்தாள். றுக்ஷானா அன்று சாப்பிடவில்லை.

கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த ஸைனம்புவின் புருசன் முத்தலிப் ஸாதியாவின் பக்கம் சாய்ந்துவிட்டார். இத்தனை வருசம் பாலைவனத்தில் அடுத்தவனுக்கு மாடி கட்டினேன், என் மகளுக்கு ஒன்று வேண்டாமா என்று புலம்பினார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடியிருந்த பெண்களைக் கிளம்பச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை, இடிக்கிற பெக்கோ இயந்திரமும் ஒழுங்கைக்குள் வந்து நின்றது.

ஸைனம்பு கேற்றைச் சாத்திவிட்டு முன்னால் நின்றாள். தறிக்காரப் பெண்கள் மூட்டை முடிச்சோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெக்கோக்காரனைத் திரும்பிப் போகச் சொன்னாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க. நீங்க இந்த ஊட்டுக்கு வந்த மாப்புள. மாப்புளைக்குச் சோறு இரிக்கி, பாய் இரிக்கி. செவத்துல கை வைக்க உரிமை இல்ல."

அத்தனை பேருக்கு முன்னால் முத்தலிப்பின் முகம் செத்துப்போனது. பெக்கோ பின்னோக்கி நகர்ந்தது. அவர் மெல்லக் கேட்டார்:

"அப்ப மகள்ட கலியாணம்?"

ஸைனம்பு மகளின் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

றுக்ஷானா உள்ளேயிருந்து வந்து, இருவருக்கும் முன்னால் நின்று நஸீருக்குப் போன் எடுத்தாள்.

"ஊடு இதுதான். இரிக்கிற சனமும் இதுதான். உங்களுக்கு வரேலுமா?"

மறுமுனையில் அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். அவள் கேட்டாள். கேட்டு முடித்துப் போனை வைத்தாள்.

"உம்மாட்டக் கேட்டுச் சொல்றாராம்."

சொல்லும்போது அவளுடைய உதடு இடது பக்கமாக வளைந்தது. பெண்கள் மூட்டைகளை மறுபடி உள்ளே தூக்கிப்போனார்கள், சுவர் தப்பியது. ஸைனம்பு மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் முகத்தில் எத்தனையோ வருசமாகச் சுமந்த அந்த வளைவு இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் முகத்தில் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.