கப்பலின் முன்பக்கத்து அறை

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துச் சுருளியம்மாள் இந்த உலகத்தோடு மல்லுக்கு நின்று பெற்றவை இவ்வளவுதான். ஒன்பது வயதில் வந்த விஷக்காய்ச்சலில் தோட்டக் கூலிகளின் லயத்துப் பிள்ளைகள் சிலர் போய்ச் சேர்ந்தபோது அவள் பிழைத்துக்கொண்டாள். கங்காணி அவளை அரைக்கூலிச் சிறியாள் பேரிலேயே இழுத்தடிக்கப் பார்த்தபோது, கொட்டுகிற மழையில் ஆபீஸ் வாசலில் நின்று பெரியாள் பேர் வாங்கினாள். மரம் சாய்ந்து புருஷன் செத்த பிறகு லயத்து அறையைக் காலி செய்யச் சொன்னார்கள், செய்யவில்லை. ஈரத்தில் நின்று நின்று இடுப்பு விட்டுப்போனது. பல மாதம் வேலைக்கு இறங்க முடியாமல் கிடந்தாள், கூலிப் பதிவிலிருந்து பேரை வெட்டினார்கள். அப்போதும் அண்ணன் வீட்டுக் கஞ்சியில் பங்கு கேட்கவில்லை. கடைசியாக, கடலையே பார்த்திராத அவள், கப்பலில் முன்பக்கம் பார்த்த அறையில் தனக்கென்று ஒரு கட்டில் பெற்றாள்.

மற்றதெல்லாம் சேர்ந்து படுத்தியதைவிட அந்தக் கட்டில் படுத்தியதுதான் அதிகம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல்லும் கடலையும் விளைகிற பூமிக்குச் சொந்தக்காரி கமலாத்தாள். உடும்பஞ்சோலையில் அவளுக்குக் கொஞ்சம் ஏலமும் இருந்தது. பறிப்புக் காலத்தில் மலைக்கு வந்தபோது, பேர் வெட்டப்பட்டு நின்ற சுருளியைக் கூடமாட ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும்போது கூடவே கூட்டிப் போனாள். கமலாத்தாளின் ஒரே மகன் காளிச்சாமி பினாங்கில் இருந்தான். அப்பனோடு கோபித்துக்கொண்டு போனவன், அப்பன் சாவுக்குக்கூட வரவில்லை. அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்ததும் கிழவி பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டாள்.

“என்ற கூட ஒரு ஆளு வரோணும். நீயே வா புள்ள. ஒத்துவந்தா எனக்குக் கண்ணு மூடற வரைக்கும் நீதான். ஒத்துவரலைன்னா பினாங்குலயே அடுத்த கப்பல்ல ஏத்தி உட்டுப்போடுவேன். அப்பறம் உன்ற பாடு, உன்ற மலை பாடு” என்றாள் சுருளியிடம்.

மலையில் என்ன இருக்கிறது? பேர் இல்லை. பேர் போனதால் இனி லயத்து அறையும் இல்லை. சுருளிக்கு இந்தக் கிழவியை விட்டால் வேறு நிழல் கிடையாது.

கோயமுத்தூரில் டிக்கெட் ஏஜண்டு ரத்தினசாமி கப்பலின் படத்தை மேசையில் விரித்தார். வேலைக்காரர்களை மேல்தளத்துத் திறந்த வெளியில் படுக்க வைப்பதுதான் வழக்கம் என்றார். ராத்திரி எழுந்து தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டுமே என்று சுருளி ஒரே பிடியாக நின்றாள். கமலாத்தாளும் தலையாட்டினாள். ஆகவே இரண்டு கட்டில் அறை. அதில் இரண்டுதான் மிச்சம். ஒன்று கப்பலின் நட்டநடுவில், கீழ்த்தட்டில், ஜன்னலே இல்லாதது. மற்றது மேலே, கப்பல் போகிற திசையைப் பார்த்தது. வெளியே கம்பி போட்ட சின்ன பால்கனி.

“எனக்குப் பஸ்ஸுல ஏறுனாலே குமட்டும். நீதான் மலையில வண்டியேறிப் பழகுனவ. எந்த ரூமுன்னு நீயே சொல்லு” என்றாள் கமலாத்தாள்.

சுருளியை அதுவரை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. ஆனால் இதற்கு அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. போடிமெட்டு வளைவுகளில் ஜீப் இறங்கும்போது பின்னால் உட்கார்ந்தவன் குடலைக் கக்குவான். டிரைவர் பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் காய்ச்சல்காரனுக்கும் முன்சீட்டை விடுவது மலையில் எழுதாத சட்டம்.

“முன்னாலதான்ம்மா. முன்னால இருந்தா வயித்தப் பொரட்டாது.”

“ஏனுங்க, இவ சொல்றது சரிதானுங்களா?” என்று கமலாத்தாள் ஏஜண்டைக் கேட்டாள்.

“சரியாத்தான் இருக்குமுங்க” என்றார் ரத்தினசாமி. அவரும் கப்பலில் ஏறியதில்லை.

சென்னையிலிருந்து கிளம்பிய அன்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு மறைப்பு இல்லை. “களத்துமேட்டுல உக்காந்தாப்புல இருக்குது. நல்ல ரூமாத்தான் புடிச்சுக் குடுத்த” என்றாள் கமலாத்தாள். அன்று ராத்திரி சுருளி வெகுநாளைக்குப் பிறகு இடுப்புவலி தெரியாமல் தூங்கினாள்.

மறுநாள் கார்த்திகைக் காற்று பிடித்துக்கொண்டது. கப்பலின் மூக்கு எழும்பி எழும்பி விழுந்தது. விழும்போதெல்லாம் கட்டிலில் கிடந்த கிழவியின் உடம்பு அரை அடி எழும்பி, பிறகு தொப்பென்று இறங்கியது. அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சுவக்கீன் வந்து பால்கனிக் கதவைத் தாழிட்டு, “இனிமே தொறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனான். கமலாத்தாளின் வயிற்றில் தண்ணீர்கூட நிற்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையும் வந்த வழியே வந்தது. சுருளி சட்டியை ஏந்துவதும், கழுவுவதும், துணியை அலசிப் பிழிவதுமாக இருந்தாள். அவளுக்கும் குமட்டியது. சட்டி ஒன்றுதான் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

“கிழவிக்கு ஒடம்புல ஈரமே இல்ல. இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா கஷ்டம்” என்று டாக்டர் வாசலில் நின்று சொன்னார்.

சுவக்கீன் தரையைத் துடைக்க வந்தபோது சுருளி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“எல்லா ரூம்பும் இப்படித்தான் ஆடுதாண்ணே?”

“எங்க? நடுவுல, கீழ இருக்கிறவங்க சீட்டு ஆடிக்கிட்டு இருக்காங்க. முன்னாலதான் தூக்கிப் போடும். காசு குடுத்து இந்த ரூம்ப யாரு கேட்டு வாங்குனது?” என்று சிரித்தான்.

தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் சலிக்கிற பெரிய சல்லடை சுருளியின் கண்ணில் வந்தது. ஆட்டும்போது ஓரத்துக் காய்தான் துள்ளும். நடுவில் கிடப்பது கிடந்தபடி கிடக்கும். ஆயுசில் பாதியை அந்தச் சல்லடையோடு கழித்தவளுக்கு, கோயமுத்தூரில் அது தோன்றாமல் ஜீப் தோன்றியிருக்கிறது.

சொல்லாமல் இருந்துவிடலாம். கிழவி கடலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள், சுருளியை அல்ல. சொன்னால், பினாங்கில் அடுத்த கப்பல். சொல்லாவிட்டால், மகன் முகத்தைப் பார்க்காமலே கிழவி போய்விட்டால்? சுருளிக்கு யோசிக்கவும் தெம்பு இல்லை. கட்டிலோரம் போய்க் குந்தினாள்.

“அம்மா, நான் சொன்ன ரூம்பு தப்பும்மா. முன்னாலதான் ரொம்ப ஆடுமாம். நடுவுல போனா ஆட்டம் இருக்காதாம்.”

கமலாத்தாள் கண்ணைத் திறக்கவில்லை. கப்பல் ஒருமுறை எழும்பி இறங்கியது.

“ஆருட்ட கேட்ட?”

“தொடைக்கிற அண்ணன்கிட்டம்மா.”

“இத ஏஜண்டுக்காரன் சொல்லல பாரு.” கிழவி மூச்சு வாங்கினாள். “அந்த ரூமு காலியா இருக்குதான்னு கேளு.”

காலியாகத்தான் இருந்தது. ஜன்னல் இல்லாத அறையை யார் எடுப்பார்கள்? அறைகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு காகிதத்தோடு வந்தார். அறை மாறச் சம்மதம் என்று இரண்டு பேரில் ஒருவர் ஒப்பமிட வேண்டும். கமலாத்தாளின் கையில் பேனாவை வைத்தார்கள். அது நழுவி விழுந்தது. அதிகாரி சுருளியின் சேலையையும் கையையும் பார்த்துவிட்டு, பையிலிருந்து மைத்தட்டை எடுத்தார்.

பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் அவள் கட்டைவிரலைத்தான் நீட்டியிருந்தாள். பேர் வெட்டின அன்று கணக்குத் தீர்த்ததற்கும் அந்த விரல்தான். இப்போது அவள் விரலை நீட்டவில்லை.

“ரூம்பு கேட்டது நான்தான் சார். என் பேரையே போடுறேன்.”

“எழுதத் தெரியுமா?”

“என் பேரு மட்டும் தெரியும்.”

ஸ்டோரில் காய் பொறுக்குகிற பெண்கள் ஒவ்வொருத்தியின் முறத்திலும் ஒரு தகரச் சீட்டு கட்டியிருக்கும். யார் பொறுக்கியதில் கல் இருந்தது, யாருடையதில் காம்பு இருந்தது என்று தெரிவதற்காக. அந்தச் சீட்டுகளில் பேர் எழுதியவன் அவளுடைய அண்ணன் பெரியமுத்து. நாலாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் ஒரு சுழி கோணினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவான். தன் பேர் எழுதிய சீட்டை நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவள் அவள்.

கமலாத்தாள் கட்டிலிலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“புள்ள, திரும்பி வாரப்ப நடுவுல ரூமு எடுக்கோணும். மறந்துபோடாத.”

“மறக்க மாட்டேன்ம்மா” என்றாள் சுருளி.

தரையில் முழங்காலிட்டு, கட்டில் சட்டத்தில் காகிதத்தை வைத்தாள். கப்பல் எழும்பும்போது பேனாவைத் தூக்கிக்கொண்டாள். இறங்கி நின்றபோது ஓர் எழுத்து போட்டாள். காகிதம் நழுவாமல் அதிகாரி ஒரு முனையையும் சுவக்கீன் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். தகரச் சீட்டில் இருந்ததுபோலவே, ஒரு சுழியும் கோணாமல், சுருளியம்மாள் என்று முழுதாக வந்தது. அதன் கீழே அதிகாரி தேதி போட்டார்: 1974 நவம்பர் 18, திங்கட்கிழமை.