அண்ணையின் இரண்டு சிப்பாய்கள்

பாடசாலைகளுக்கிடையிலான செஸ் போட்டியில் வெல்பவரின் பெயர் மட்டும் பத்திரிகையில் வரும் என்றார்கள். எனக்கு வேண்டியிருந்தது கிண்ணமல்ல, அந்த ஒற்றை வரிதான். அது எண்பத்தாறாம் ஆண்டு. ரியூசனுக்கென்று நீர்வேலி வீட்டிலிருந்து சைக்கிளில் போன அண்ணை, முந்தின வருடத்திலிருந்து திரும்பி வரவில்லை. ஆயுதம் ஏந்திப் போராட இயக்கத்துக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. எங்கே இருந்தாலும் பேப்பர் பார்ப்பார். என் பெயரைக் கண்டால் ஒருமுறையாவது வந்து போவார் என்பது என் எண்ணம்.

இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்தவள் தொண்டைமானாற்றுப் பிள்ளை, என்னிலும் சற்று மூத்தவள். வெள்ளைக் காய்கள் எனக்கு. ராசாவுக்கும் ராணிக்கும் முன்னால் நின்ற சிப்பாய்கள் இரண்டையும் ஒரே தடவையில் ஒவ்வொரு கட்டம் தள்ளிவிட்டேன். வீட்டில் அண்ணையோடு அப்படித்தான் தொடங்குவோம். முந்தின ஆட்டங்களில் அடங்கியிருந்த அந்தப் பழக்கம் அன்று என்னை முந்திவிட்டது.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"ஒருக்கா ஒரு காய்தான், பிள்ளை. உதென்ன, சோடி கட்டி அனுப்புறீர்?" என்றார் நடுவராக நின்ற சேர். முதலில் தொட்ட ராசாவின் சிப்பாயை விட்டுவிட்டு, மற்றதைத் திரும்ப வைத்தார்.

அவள் சிரிக்கவில்லை. "எங்கடை அண்ணையும் இப்பிடித்தான் வைப்பார்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, தன் ராசாவின் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாள். அடுத்து நான் ராணியின் சிப்பாயை ஒரு கட்டம் வைத்தேன், அவளும் வைத்தாள். பலகை எங்கள் வீட்டுப் பலகையாகிவிட்டது.

ஆட்டம் பாதி தாண்டி, சேர் அப்பால் போனதும் அவள் கேட்டாள்.

"வெண்டால் என்ன செய்யப் போறீர்?"

"பேப்பரிலை பேர் வரும். அண்ணை பார்ப்பார்."

"ஏன், அவர் வீட்டிலை இல்லையோ?"

"இயக்கத்துக்குப் போட்டார்."

அவள் பலகையைப் பார்த்தாள். அவளுடைய ராணியும் கோட்டையும் என் ராசாவை நெருங்கி நின்றன. நான் தோற்கப் போவது எனக்கே தெரிந்தது. அவள் தன் ராசாவைப் படுக்க வைத்துவிட்டு, "நான் தோத்திட்டன், சேர்," என்றாள்.

பெயர் வந்தது. அம்மா அதை வெட்டிச் சாமிப்படத்தடியில் வைத்தா. அண்ணை வரவில்லை. தன் அண்ணையை வீட்டிலேயே வைத்திருக்கிற அவளுக்கு ஒரு கிண்ணம் போனால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அண்ணை பிறகும் வரவேயில்லை. இப்போது என் மகளோடு பலகையை விரிக்கும்போது, "எங்கடை அண்ணை இப்பிடித்தான் வைப்பார்," என்று நானும் சொல்கிறேன். அன்று அவள் சொன்னபோது, அவளுடைய அண்ணை நாளைக்கும் வைப்பார் என்றுதான் எனக்குக் கேட்டது.