பெட்டி கொடுத்த லீவு

அந்த நீலப் பிளாஸ்டிக் கதிரை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில், சுவரில் டீவி மாதிரி மாட்டிய, டொக்டர் முகம் தெரியும் கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரே. ஒரு கால் கோணல், உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும். உங்கள் அத்தை, என் கூடப்பிறந்த அக்கா, அன்றைக்கு அதில்தான் உட்கார்ந்தாள். உடம்புக்கு முடியாமல் கொழுந்து மலையிலிருந்து நேராக வந்தவள், ஈரத்துக்கு இடுப்பில் சுற்றியிருந்த படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. பெட்டியை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டேய் தம்பி, இதுக்குக் கும்பிடணுமாடா?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கேலி.

மகளே, நேற்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கட்டுரையை வாசித்துக் காட்டினாய். உலகமெல்லாம் டொக்டர்மார் கைபேசிக்குள் வந்துவிட்டார்கள், இனி நோயாளிக்குத் தூரம் ஒரு தடையில்லை என்று அழகாக எழுதியிருந்தாய். உன் தம்பி கைதட்டினான். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். வாயால் சொன்னால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் நம் டிஸ்பென்சரியில் ஒரு மருந்தய்யா இருந்தார். வாசலில் பழைய வெள்ளை வேன் ஒன்று நிற்கும். மருந்தய்யா பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல வரவில்லை. எதற்குப் போனாலும் அதே மஞ்சள் மாத்திரைதான், திட்டும் சேர்த்துக் கிடைக்கும். ஆனால் தனக்குத் தெரியவில்லை என்றால், "ஏத்துங்கய்யா வேன்ல" என்று சொல்லத் தெரிந்தவர். பெட்டி வந்த அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து பேசினார். வெளிநாட்டிலெல்லாம் இப்படித்தானாம். நாங்கள் பேசுவதைப் பெட்டியே சிங்களத்தில் எழுதிக் கொழும்பு டொக்டருக்குக் காட்டுமாம், அவர் சொல்வதைத் தமிழில் நமக்குச் சொல்லுமாம். "லயம், கொழுந்து, பெரட்டு, எல்லாத் தோட்டத்துச் சொல்லும் இதுக்குப் படிச்சுக் குடுத்திருக்கோம்" என்றார். நாங்களும் கைதட்டினோம். கொஞ்ச நாளில் மருந்தய்யாவை அனுப்பிவிட்டார்கள். வேனும் போயிற்று. கேட்டதற்கு, "டொக்டரே இங்க இருக்கும்போது வேன் எதுக்கு?" என்றார்கள்.

அக்கா பெட்டியிடம் மரியாதையாகத்தான் பேசினாள். "காலையில இருந்து ஒரே பெரட்டுங்க. முடியலைங்க." அவ்வளவுதான் சொன்னாள். வயிற்றைப் பெரட்டுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றால் நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தானே சொல்வோம். ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரையும் கூட்டுவதற்கும் தோட்டத்தில் பெரட்டு என்றுதான் பெயர். பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெரட்டைத்தான். கொழும்பு டொக்டர் குனிந்து வாசித்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பெட்டி ஒரு பெண் குரலில், "இன்று உங்களால் வேலைக்குச் செல்ல முடியாதா?" என்றது. அக்கா, "எப்படிங்க முடியும்?" என்றாள். "உங்களுக்கு ஒரு நாள் ஓய்வு வழங்கப்படுகிறது" என்றது பெட்டி.

நான் அவள் கையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பனிக்கட்டி மாதிரி சில்லிட்டுப் போயிருந்தது. பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் கிளாக்கர் ஐயாவிடம் அதைச் சொன்னேன். "ஏம்பா, நீ பேசாதே. பேஷண்ட் மட்டுந்தான் பேசணும். ரெண்டு பேர் பேசுனா அது கொழம்பிரும்" என்றார். டொக்டரின் வாயில் 'வெட' என்ற சொல் என் காதில் விழுந்திருந்தது. வெட என்றால் வேலை. விஷயம் புரிந்து, நானே எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மாத்தயா, வேலை இல்லை, வாந்தி, வாந்தி" என்று கத்தினேன். அதற்குள் மலையில் மூட்டம் இறங்கி சிக்னல் போய்விட்டது. வாயைப் பாதி திறந்தபடி டொக்டரின் முகம் கண்ணாடியில் அப்படியே நின்றது. கிளாக்கர் ஐயா சுவிட்சை அணைத்தார். "அதான் லீவு கெடச்சிருச்சே, கூட்டிட்டுப் போய்ப் படுக்க வை."

கீழே கடை வைத்திருந்த நானாவின் த்ரீவீல் வேறு வேலையாகப் போயிருந்தது. அது வந்து சேரும்வரை அக்கா பாதையோரத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தாள். வந்ததும் நானா கடைப் பலகையைக்கூடச் சாத்தாமல் வண்டியை எடுத்தார். வாசலில் வேன் நின்ற காலமாக இருந்தால் அந்நேரத்துக்கு இறம்பொடைச் சந்தி தாண்டியிருப்போம். நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசுப் பெண் டொக்டர், சிங்கள நோனா, ஒன்றும் கேட்பதற்கு முன்னால் அக்காவின் நெற்றியில் கை வைத்தார். அரைகுறைத் தமிழில், "அம்மா, இது மழையா, வேர்வையா?" என்றார். "மழ அப்பவே விட்டுருச்சுங்க" என்றாள் அக்கா. உடனே படுக்க வைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். மாரடைப்பு. உயிர் தப்பியது. ஆனால் பிந்திவிட்டீர்கள், இதயம் பாதி பழுதாகிவிட்டது என்றார்கள்.

பிறகு அவள் மலையேறவில்லை. லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். யாராவது சுகம் விசாரித்தால், "பொட்டி எனக்கு ஒரு நாள் லீவுதாம்மா குடுத்துச்சு. நாந்தான் அத இழுத்துக்கிட்டே போறேன்" என்று சிரிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் பற்றி எரியும். ஒரு மார்கழிக் காலையில் பெரட்டுக்குச் சங்கு ஊதியது. பழக்கத்தில் எழும்பி உட்கார்ந்தவள், அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டாள்.

அவள் போனதற்குச் சொல் தவறியதுதான் காரணம் என்பார்கள். எனக்கு அது ஆறவில்லை. நம்முடைய நூறு சொல்லில் எதைப் படித்துக்கொடுத்தார்கள் பாருங்கள், எல்லாம் வேலைச் சொல். வேலைக்கு வந்த உடம்பாகவே நம்மைப் பார்த்தவர்கள் செய்த பெட்டி, நம் வயிற்றுப் பெரட்டையும் வேலைக் கணக்கில்தானே எழுதும்? வேறு நாட்டில் அது யாரையாவது பிழைக்க வைத்திருக்கலாம், நான் போய்ப் பார்க்கவில்லை. இங்கே அது வந்தது ஒரு ஆளையும் ஒரு வண்டியையும் மிச்சம் பிடிக்க. மகளே, கட்டுரையில் இந்த வேனையும் எழுது. மார்க் குறைந்தால் குறையட்டும்.

போன வாரம் புதிய பெட்டி வந்திருக்கிறது, இன்னும் பெரிது. கிளாக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "வாப்பா, உக்காந்து பெரட்டுன்னு சொல்லிப் பாரு. இப்ப ரெண்டு பெரட்டும் அதுக்குத் தெரியும்." அதே நீலக் கதிரையை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை.

"வேன் வந்திருச்சுங்களா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு துணியை எடுத்துப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். கதிரை எங்கள் இருவருக்கும் நடுவில், ஆளில்லாமல், இடப்பக்கம் சாய்ந்து நின்றது.